முப்பது நாளில் ஐந்து கட்டுரை: விக்கிப்பீடியாவில் என் முதல் நவம்பர்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. முதல் வாரம் பாட்டு கேட்டோம், படம் பார்த்தோம். இரண்டாவது வாரம் சீட்டு விளையாடினோம். மூன்றாவது வாரம் தூசு படியாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்தோம். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. எங்கள் வீட்டிலும், புதுச்சேரி முத்தியால்பேட்டையில், இதுதான் நடந்தது. மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கம்ப்யூட்டர் நான்கு மாதம் துணிக்குள் இருந்தது.

துணியை எடுக்க வைத்தது ஒரு போட்டி. "போட்டி" என்றதும் வயதைக் கேட்பார்களோ, கட்டணம் உண்டோ என்று யோசிக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குள் ஐந்து கட்டுரைகளைத் தமிழில் எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பரிசு ஒரு தபால் அட்டை. 2015 நவம்பரில் நான் அதில் சேர்ந்தேன். தமிழில் டைப் செய்வது, ஃபைலைச் சரியாகச் சேமிப்பது, இணையத்தில் கிடைக்கும் தகவலில் எதை நம்புவது என்று எனக்கு இன்று தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த முப்பது நாட்களில் கற்றதுதான். பட்ட அவதியையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டியதில்லை.

ஏன் ஒரு மாதம்?

ஒரு மாதம் கெடு வைத்துக் கொண்டு பலர் சேர்ந்து எழுதும் வழக்கம் புதிதல்ல. 1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று உட்கார்ந்தார்கள். மறு வருடம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். 50,000 சொற்கள் என்பது கணக்கு. பிற்பாடு உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் அதில் கலந்து கொண்டார்கள். அதை நடத்தி வந்த அமைப்பு 2025-ல் மூடப்படுவதாக அறிவித்தது. ஆனால் அந்த யோசனை அதற்குள் பல இடங்களுக்குப் பரவி விட்டது.

அப்படிப் பரவிய இடங்களில் ஒன்று விக்கிப்பீடியா. 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய இந்த இலவசக் கலைக்களஞ்சியத்தில் தமிழ்ப் பகுதி 2003-ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆரம்ப நாட்களில் அதைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2015-ம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. அதே 2015-ல்தான் "விக்கிப்பீடியா ஆசிய மாதம்" என்ற பெயரில் பல மொழி விக்கிப்பீடியாக்கள் சேர்ந்து நவம்பர் மாதப் போட்டியை ஆரம்பித்தன. தமிழும் சேர்ந்து கொண்டது.

விதிகள் கொஞ்சம்தான். கட்டுரை புதிதாக இருக்க வேண்டும். நவம்பர் மாதத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது 300 சொற்கள் வேண்டும், அட்டவணையும் மேற்கோள் பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. சொன்னதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டக் கூடாது. ஆசியாவைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் உங்கள் சொந்த நாட்டைப் பற்றி எழுதக் கூடாது. ஐந்து கட்டுரைகள் தேறினால் ஆசியாவின் வேறொரு நாட்டிலிருந்து உங்களுக்குத் தபால் அட்டை வரும்.

சொந்த நாடு கூடாது என்றதும் எனக்குச் சப்பென்று ஆகி விட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் புதுச்சேரிதான்! அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது 78 வயது. "சைகோனைப் பத்தி எழுதேன்டா. அது நம்ம ஊர் மாதிரிதானே" என்றார்.

அம்மா பிறந்தது சைகோனில். வெளியூர் வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம், புதுச்சேரியில் இது சர்வ சாதாரணம். வியட்நாமும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில் இங்கிருந்து குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிப்பவராக, கடைக்காரராகப் பலர் அங்கே போனார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார்களும் போய் வட்டிக்கடை வைத்தார்கள், முருகனுக்குக் கோயில் கட்டினார்கள். என் தாத்தா ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். அம்மாவின் பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சில். ஊர் திரும்பியபோது கொண்டு வந்த தகரப் பெட்டியை எங்கள் வீட்டில் இன்றும் சைகோன் பெட்டி என்றுதான் சொல்கிறோம்.

ஆக, தலைப்பு கிடைத்தது. 2015 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊருக்கு அது விடுதலை நாள். 1954-ல் அந்தத் தேதியில்தான் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். கொடியேற்றத்தைப் பார்த்து விட்டு வந்து கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்தேன்.

முதல் வேலை: கணக்கு, கீபோர்டு, மணல்தொட்டி

கூகுளில் "தமிழ் விக்கிப்பீடியா" என்று தேடினால் முதலில் வரும் தளமே அதுதான். மேலே புதிய கணக்கு தொடங்குவதற்கான இணைப்பு இருக்கும். பயனர் பெயர், பாஸ்வேர்டு, இரண்டும் போதும். ஈமெயில் முகவரி கட்டாயமில்லை, ஆனால் கொடுத்து விடுங்கள். பாஸ்வேர்டை மறந்தால் அதுதான் வழி. சொந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பெயரில் காலாகாலத்துக்கும் பதிவாகி நிற்கும். எனவே யோசித்து வையுங்கள். நான் அவசரத்தில் வைத்த பெயரைப் பார்த்தால் இன்றும் எனக்கே சிரிப்பு வருகிறது.

அடுத்தது தமிழில் டைப் செய்வது. தனியாக எந்த சாஃப்ட்வேரும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் டைப் செய்யும் பெட்டிக்குள் கர்சரை வைத்தால் ஓரத்தில் சின்ன கீபோர்டு படம் தெரியும். அதைக் கிளிக் செய்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், எழுத்துப்பெயர்ப்பு என்று பட்டியல் வரும். எழுத்துப்பெயர்ப்பு என்பது ஆங்கில எழுத்துகளில் ஒலியை அடித்தால் தமிழாக மாறுவது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எம் கீயைத் தட்டினால் போதும். புதியவர்களுக்கு என் யோசனை: கொஞ்சம் சிரமப்பட்டாலும் தமிழ்99-ஐப் பழகி விடுங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக் கொண்ட கீபோர்டு அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்யெழுத்துகள் வலது கைக்கும் வரும்படி அமைத்திருக்கிறார்கள். 2007 டிசம்பரில் புதுச்சேரியில் நடந்த வலைப்பதிவர் பயிற்சிப் பட்டறையில் ஒரு இளைஞர் இதைத்தான் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் காதில் ஏறவில்லை. எட்டு வருடம் கழித்துப் பத்தே நாளில் பழகியது.

கணக்கு தொடங்கியவுடன் உங்களுக்கென்று ஒரு மணல்தொட்டி கிடைக்கும். குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவார்கள் அல்லவா, அதே பொருளில் வைத்த பெயர். அங்கே என்ன எழுதினாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரு சொல்லின் இரு பக்கமும் மூன்று மூன்று ஒற்றை மேற்கோள் குறி போட்டால் தடித்த எழுத்தாகும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அந்தப் பெயருள்ள கட்டுரைக்கு இணைப்பாகி விடும். இதெல்லாம் ஒரு மணி நேர விளையாட்டு. சந்தேகம் வந்தால் கேட்க ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது, பொதுவாகப் பேச ஆலமரத்தடி இருக்கிறது. உண்மையாகவே அந்தப் பக்கத்தின் பெயர் ஆலமரத்தடிதான்!

ஆல் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் கட்டுரை எதைப் பற்றி என்று கேட்டதற்கு அம்மா, "ஆல் மணிக்கூண்டைப் பத்தி எழுது. நம்ம பெரிய மார்க்கெட்டுல இருக்கற மாதிரியே இருக்கும்" என்றார். சைகோனில் ஆலமரத்துக்குப் பக்கத்தில் ஏதோ மணிக்கூண்டு என்று நினைத்துக் கொண்டு இரண்டு மாலைகள் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அங்குள்ள மத்திய சந்தையை பிரெஞ்சுக்காரர்கள் "லே ஆல் சாந்த்ரால்" என்று அழைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் ஆல் என்றால் பெரிய மார்க்கெட். இன்றைய பெயர் பென் தான் சந்தை. 1914-ல் திறக்கப்பட்டது. நான்கு திசைக்கு நான்கு வாசல், தெற்கு வாசலுக்கு மேலே கடிகாரக் கோபுரம். படத்தைத் திரையில் கொண்டு வந்து, கன்ட்ரோல் கீயோடு பிளஸ் கீயைத் தட்டிப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து விட்டு மறுபடி மாட்டிக் கொண்டு பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டு வந்தார்.

தேடும்போது இதை நினைவில் வையுங்கள். ஓர் இடத்துக்கு வீட்டில் ஒரு பெயர், ஆட்சியில் இருந்தவர்கள் வைத்த பெயர் ஒன்று, இன்றைய பெயர் ஒன்று இருக்கும். மூன்றையும் போட்டுத் தேட வேண்டும். சைகோன் நகரமே 1976 முதல் ஹோ சி மின் நகரம்.

சொல் கணக்கும் பைட் கணக்கும்

இந்த மாதிரிப் போட்டிகளில் கட்டுரையின் அளவை பைட்டிலும் சொல்வார்கள். பின்னர் வந்த ஆசிய மாதங்களில் "3000 பைட், 300 சொல்" என்று இரண்டையும் கேட்டார்கள். இதில் தமிழருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது.

ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் ஒரு பைட் ஒதுக்குகிறது. இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். குறி என்றால் முழு எழுத்து அல்ல. "அம்மா" என்பது நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட். ஆங்கில எழுத்துகளில் அம்மாவை அடித்தால் 4 பைட்தான். இந்தக் கணக்கில் 3000 பைட் என்பது தமிழில் நூற்றுச் சொச்சம் சொற்களிலேயே நிரம்பி விடும். நானும் முதல் கட்டுரையில் வரலாறு பக்கத்தில் தெரிந்த பைட் எண்ணைப் பார்த்து "முடிந்தது" என்று எழுந்து விட்டேன். பிறகு கட்டுரையை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒட்டிப் பார்த்தால், கீழே உள்ள பட்டை 140 சொற்கள் என்றது. உங்களுக்கு முக்கியம் சொல் கணக்குதான். தமிழில் 300 சொல் எழுதினால் பைட் தானாகவே ஏழாயிரம், எட்டாயிரத்தைத் தொட்டு விடும்.

தீபாவளிக்கு முதல் நாள்

நவம்பர் 9 இரவு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் தீபாவளி. அந்த நவம்பர் மழை கடலூர், புதுச்சேரிப் பக்கத்தை என்ன பாடு படுத்தியது என்பது இங்குள்ளவர்களுக்கு மறக்காது. நான் இரண்டாவது கட்டுரையாக சைகோன் தபால் நிலையத்தைப் பற்றி விக்கிப்பீடியாவின் பெட்டிக்குள்ளேயே நேரடியாக டைப் செய்து கொண்டிருந்தேன். கரன்ட் போயிற்று. யூபிஎஸ்ஸில் பேட்டரி எப்போதோ செத்துப் போயிருந்தது. 200 சொற்களும் போயின.

சரி, இனி முதலில் நோட்பேடில் எழுதிச் சேமித்துக் கொண்டு பிறகு ஒட்டுவோம் என்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். கரன்ட் வந்ததும் அதே 200 சொற்களை நோட்பேடில் மறுபடி அடித்து, சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்து மூடினேன். காலையில் திறந்தால் ஃபைல் முழுவதும் கேள்விக்குறி! ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தீபாவளி இனிப்பு தொண்டையில் இறங்கவில்லை.

அந்த நாளைய விண்டோஸ் நோட்பேட், ஃபைலை ஆன்சி என்ற பழைய முறையில்தான் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டு விடும். சேமிக்கும் பெட்டியின் அடியில் என்கோடிங் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. 2019-ல் வெளியான விண்டோஸ் 10-ன் பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8-ல் சேமிக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் அதற்கு முந்தையது என்றால், அல்லது யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் என்றால், இந்தக் கட்டத்தை மறக்காமல் பாருங்கள். கேள்விக்குறியாக மாறிய பிறகு அதை மீட்க வழியே இல்லை. ஃபான்ட் பிரச்சினை என்று நினைத்து நான் அரை நாள் ஃபான்ட்களை மாற்றிப் பார்த்தேன். வீண்.

தபால் நிலையக் கட்டுரையை மூன்றாம் முறையாக எழுதினேன். மூன்றாம் முறை எழுதியதில் ஒரு லாபமும் கிடைத்தது. சுற்றுலா இணையதளங்கள் பலவும் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் ஈபிள் கோபுரத்தைக் கட்டிய அதே ஈபிள் என்று எழுதியிருந்தன. முதல் இரண்டு முறையும் நானும் அப்படியே எழுதியிருந்தேன். மூன்றாம் முறை ஆதாரம் தேடியபோதுதான் அது தவறு, 1886-க்கும் 1891-க்கும் இடையே கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஃபூலூ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் என்று தெரிந்தது. பத்துத் தளங்கள் ஒரே மாதிரி சொன்னால் அது உண்மை என்று நினைக்கிறோம். பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்ததாகவும் இருக்கலாம்.

"ஆதாரம் தேவை"

இப்போது சொல்லப் போவதுதான் அந்த மாதத்தில் என்னை அதிகம் உறுத்தியது. சந்தைக் கட்டுரையில் அம்மா சொன்னதை நம்பி இரண்டு வாக்கியம் சேர்த்திருந்தேன். சந்தைக்கு எதிரே புதுச்சேரிக்காரர்களின் துணிக்கடைகள் வரிசையாக இருந்தன என்பது ஒன்று. தாத்தா வேலை பார்த்த கடையின் பெயர் இன்னொன்று. அம்மாவுக்கு அந்த இரண்டு வரிதான் கட்டுரையே. அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

நான்காம் நாள் பார்த்தால், அந்த வாக்கியங்களுக்குப் பின்னால் "சான்று தேவை" என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு தொங்கிக் கொண்டிருந்தது. முகம் தெரியாத ஒருவர் போட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் அம்மா நேரில் பார்த்ததற்கு யாரிடம் போய்ச் சான்று வாங்குவது? பேச்சுப் பக்கத்தில் சூடாக எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: இதே சந்தையைப் பற்றி வேறொருவர் வந்து, தன் பாட்டி வேறு மாதிரி சொன்னார் என்று எழுதினால், படிக்கிறவர் எதை நம்புவது? நேரில் பார்த்ததை எழுத வேறு இடங்கள் உண்டு, இங்கே அச்சில் வந்ததை மட்டும் எழுதுகிறோம் என்றும் சொல்லியிருந்தார்.

அந்தப் பதிலை மூன்று முறை படித்தேன். ஈபிள் கதை நினைவுக்கு வந்தது. பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அம்மாவிடம் அந்த வரிகளை எடுக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போனேன். 1827-ல் தொடங்கிய நூலகம், எங்கள் ஊரின் சொத்து. பிரெஞ்சு நூல்கள் ஏராளம். எனக்குத்தான் பிரெஞ்சு தெரியாது. சைகோன் என்ற சொல் வரும் பக்கங்களையெல்லாம் நகல் எடுத்துக் கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக் கொண்டு அவர் வரி வரியாகத் தமிழில் சொல்ல, நான் டைப் செய்தேன். புதுச்சேரியிலிருந்து போனவர்கள் அங்கே என்னென்ன வேலை பார்த்தார்கள் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. துணி வியாபாரமும் அதில் வந்தது. தாத்தாவின் கடை வரவில்லை.

அம்மாவே சொன்னார்: "புஸ்தகத்துல இருக்கறத போடு. நம்ம கடைய எடுத்துடு. எனக்குத் தெரியும், போதும்." குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

மேற்கோள் சேர்ப்பது எளிது. டைப் செய்யும் பெட்டிக்கு மேலே உள்ள பட்டையில் மேற்கோளுக்கான பொத்தான் இருக்கிறது. அதைக் கிளிக் செய்து நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை நிரப்பினால் கட்டுரையின் அடியில் தானாக வரிசை எண்ணுடன் போய் உட்காரும். நகல் எடுத்தபோது பக்க எண் வெட்டுப்பட்டுப் போனதால் மறுபடி நூலகத்துக்கு நனைந்து கொண்டே போனேன். நீங்கள் நகல் எடுத்தாலும் செல்போனில் படம் எடுத்தாலும், நூலின் முதல் பக்கத்தையும் பக்க எண்ணையும் சேர்த்தே எடுங்கள். புதுச்சேரிவாசிகளுக்கு இன்னொரு தகவல்: கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி தெருவில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் நல்ல நூலகம் உண்டு.

கடைசி இரவு

மூன்றாவதாகச் செங்கல் நிறத் தேவாலயம், நான்காவதாக 1900-ல் திறந்த நாடக அரங்கு. இரண்டும் சிரமமில்லாமல் முடிந்தன. ஐந்தாவதாக அம்மா சிறுமியாக நடந்து போன தெருவை எடுத்துக் கொண்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஓயே தெரு, இன்று தோன் தட் தியெப் தெரு. நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அங்கேதான் இருக்கிறது.

போட்டி எப்போது முடியும் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த மாதிரி உலகப் போட்டிகள் யூடிசி என்ற பொது நேரத்தில் நடக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. எனவே நவம்பர் 30 நள்ளிரவு என்றால் நமக்கு டிசம்பர் 1 காலை 5.29 மணி. பலர் இது தெரியாமல் 30-ம் தேதி இரவு பத்தோடு கடையைக் கட்டி விடுகிறார்கள். நான் கட்டவில்லை. இரவு முழுவதும் வெளியே மழை. கரன்ட் இருந்தது, பிராட்பேண்ட் விட்டு விட்டு வந்தது. நான்கு மணிக்கு எண்ணினேன், 264 சொற்கள். அம்மா சொன்னதை எழுதினால் இன்னும் 500 சொல் வரும். முறுக்கு விற்றவர், தைப்பூசத்தன்று வந்த கூட்டம், மழையில் வழுக்கி விழுந்த திண்ணை என்று எல்லாமே இருந்தது. ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. "மிகவும்", "பெரிதும்", "குறிப்பிடத்தக்க" என்றெல்லாம் நுழைத்து 300 ஆக்கி விடலாம் என்ற சபலமும் வந்தது, மறைக்கவில்லை. 36 சொல்தானே!

5.29 தாண்டியது. 264 சொல்லோடு கட்டுரையை ஏற்றி விட்டுப் படுத்தேன். விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்க 300 சொல் தேவையில்லை, போட்டிக்குத்தான் தேவை. நான்கு தேறின, ஐந்தாவது தேறவில்லை. அட்டை கிடையாது.

மறு வருடத்திலிருந்து நான்கு கட்டுரை போதும் என்று விதியை மாற்றி விட்டார்கள். என் ராசி! 2016-ல் நான்கு எழுதினேன், அட்டை வந்தது, அது சைகோன் பெட்டிக்குள் இருக்கிறது.

நீங்கள் சேர விரும்பினால், அக்டோபர் கடைசியில் ஆலமரத்தடியை எட்டிப் பாருங்கள். 2015-க்குப் பிறகும் ஆசிய மாதம் வந்து கொண்டிருக்கிறது. எந்தெந்த மொழிகள் சேர்கின்றன, எத்தனை கட்டுரை என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும். வேறு போட்டிகளும் உண்டு. 2018-ல் இந்திய மொழிகளுக்கிடையே வேங்கைத் திட்டம் என்று மூன்று மாதப் போட்டி நடந்தது. முதல் முறை என்றால் மூன்று மாதம் வேண்டாம், ஒரு மாதமே நாக்குத் தள்ளி விடும். பாதியில் விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் "ஆதாரத்தோடு 300 சொல் எழுதிக் கொடு" என்று கேட்டால் நொடியில் வரும். அது காட்டும் நூல் உண்மையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாத நூலுக்குப் பக்க எண் வரை சொல்லும். நான் நனைந்து கொண்டு போய் வாங்கி வந்த பக்க எண் மாதிரி அல்ல அது.

அம்மா சொன்னதையெல்லாம் தனி ஃபைலாக டைப் செய்து வைத்திருக்கிறேன். பெயர் "ஆல்". பதினோரு பக்கம். யூடிஎஃப்-8-ல் சேமித்து, பென் டிரைவில் ஒரு பிரதி, மகளின் ஈமெயிலில் ஒரு பிரதி.

2017-ல் ஒரு நாள் தெருக் கட்டுரையைத் திறந்தபோது அது நீளமாகியிருந்தது. கடைகளைப் பற்றி ஒரு பத்தி, அடியில் ஒரு நூலின் பெயர், பக்க எண்ணோடு. வரலாறு பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். எனக்கு அறிமுகமில்லாத பயனர் பெயர். அம்மாவைக் கூப்பிட்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கச் சொன்னேன். மெதுவாக விரலை வைத்துப் படித்து முடித்தார்.

"யாருடா இது? நம்ம ஊர் ஆளா?" என்றார்.